கூலி கேட்ட தேவதை: சூசான் லெங்லெனும் பெண்கள் டென்னிஸ் தொழிலான கதையும்

பெண்கள் டென்னிஸ் எப்போது தொழிலாக மாறியது என்று கேட்டால், விளையாட்டு வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் 1970 செப்டம்பர் 23ஆம் தேதியைக் காட்டுவார்கள். அன்று அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பில்லி ஜீன் கிங்கும் இன்னும் எட்டுப் பேரும் ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இன்றைய மகளிர் டென்னிஸ் சங்கமும் அதன் கோடிக்கணக்கான பரிசுத் தொகையும் அங்கிருந்து கிளைத்தவை. தேதி சரிதான். ஆனால் அதற்கு 44 ஆண்டுகளுக்கு முன்பே, 1926 ஆகஸ்டில், உலகின் தலைசிறந்த ஆட்டக்காரி ஒருவர் தன் ஆட்டத்துக்குக் கூலியாக 50,000 டாலர் பேசி முடித்திருந்தார். சூசான் லெங்லென் என்ற அந்தப் பிரெஞ்சுப் பெண்ணுக்கு அப்போது வயது 27.

அவருடைய தொழில்முறை ஆட்டம் ஒரு வருடத்துக்குள் முடிந்துபோயிற்று. இதை வைத்து இரண்டு தீர்ப்புகள் உலவுகின்றன. கோபத்தில் விம்பிள்டனை விட்டு வெளியேறிய ஒரு நட்சத்திரம், ஒரு சர்க்கஸ் முதலாளியின் கையில் போய் விழுந்தார் என்பது ஒன்று. பெண் விளையாட்டு வீரர்களின் உரிமைப் போர் அவரிடம்தான் தொடங்கியது என்பது மற்றது. முதல் தீர்ப்பைப் பழைய ஆங்கிலேய விமர்சகர்கள் எழுதினார்கள். இரண்டாவதை அண்மைக் கால வாழ்க்கை வரலாறுகள் எழுதுகின்றன. இரண்டும் பாதி தூரம்தான் போகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு பெண்ணின் டென்னிஸைப் பார்க்க மக்கள் காசு கொடுப்பார்கள் என்பதை லெங்லென் ஐயமற நிறுவினார். அதை வைத்து ஒரு தொழிலைக் கட்ட அவரால் முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதே இந்தக் கட்டுரை பார்க்க விரும்பும் கேள்வி.

முதலில் அந்தக் காலத்து அமெச்சூர் விதியைப் பற்றி. இன்றைய ரசிகருக்கு அது விநோதமாகப் படும். விம்பிள்டன், பிரெஞ்சு, அமெரிக்க, ஆஸ்திரேலியப் போட்டிகள், டேவிஸ் கோப்பை, ஒலிம்பிக் எல்லாமே அமெச்சூர்களுக்கு மட்டும் உரியவை. ஆட்டத்துக்குப் பணம் வாங்கியவர் எவரானாலும் அந்த நொடியே வாசலுக்கு வெளியே. தொழில்முறை ஆட்டக்காரர் என்றால் கிளப்பில் கனவான்களுக்குப் பந்தடிக்கக் கற்றுக்கொடுக்கும் பணியாள் என்றே பொருள். பணத்துக்காக ஆடுவது தரக்குறைவு என்ற நிலப்பிரபுக் குடும்பத்து எண்ணம், விளையாட்டின் தூய்மை என்ற பெயரில் சட்டமாகியிருந்தது. அந்தச் சட்டத்தின் கீழும் பணம் புழங்காமல் இல்லை. டிக்கெட் விற்ற காசு கிளப்புக்கும் சங்கத்துக்கும் போயிற்று. பெரிய ஆட்டக்காரர்களின் ஓட்டல் செலவையும் பயணச் செலவையும் ரிவியராக் கடற்கரையின் கிளப்புகள் தாராளமாக ஏற்றுக்கொண்டது ஊரறிந்த ரகசியம். பணம் வாங்கலாம், வாங்கியதைச் சொல்லக் கூடாது. இந்த இரட்டைக் கணக்கில் ஓரளவு சொத்துள்ள வீட்டுப் பிள்ளைகளால் மட்டுமே ஆட்டத்தில் நிலைத்திருக்க முடிந்தது.

லெங்லெனின் வீட்டில் சொத்து இருந்தது. பெரிய சொத்து என்று சொல்ல முடியாது. அவர் 1899 மே 24 அன்று பாரீஸில் பிறந்தார். தந்தை சார்ல் பயணி வண்டிகள் ஓட்டும் நிறுவனம் ஒன்றைப் பரம்பரையாகப் பெற்று, பின்னர் அதை விற்றவர். குடும்பத்துக்குக் கோடையில் வட பிரான்ஸ், குளிர்காலத்தில் நீஸ் நகரம். நோஞ்சான் மகளுக்கு உடற்பயிற்சி ஆகட்டும் என்று 1910இல் ஒரு பொம்மை மட்டையை வாங்கிக் கொடுத்தார். சில மாதங்களிலேயே அது உடற்பயிற்சியின் எல்லையைத் தாண்டிவிட்டது. சார்ல் லெங்லென் டென்னிஸ் ஆட்டக்காரர் அல்ல. ஆனால் நீஸில் ஆடவந்த சிறந்த ஆண்களின் அடிகளைக் கூர்ந்து கவனித்து, அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து மகளுக்குப் பழக்கினார். எதிர்ப்பக்கத் தரையில் கைக்குட்டையை விரித்து அதன் மேல் பந்தை விழச் செய்ய வேண்டும். விழ விழ, கைக்குட்டையின் மடிப்பு சிறிதாகிக்கொண்டே போகும். தவறினால் வசவு, அம்மாவும் சேர்ந்து. இந்தப் பயிற்சியில் இருந்த கொடுமையைப் பிற்காலத்தவர் நிறையவே எழுதியிருக்கிறார்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சட்டப்படி அமெச்சூராக இருந்த ஒரு சிறுமி, பழக்கத்தால் முதல் நாளிலிருந்தே தொழில்முறையாளராக வளர்க்கப்பட்டார். பெண்களுக்கு டென்னிஸ் தேநீருக்கு முந்திய பொழுதுபோக்காக இருந்த காலத்தில் அவருக்கு அது தினப்படி வேலையாக இருந்தது.

பலன் உடனே தெரிந்தது. 1914இல் பிரெஞ்சுப் பட்டப்போட்டியின் இறுதிக்கட்டத்தில் மார்கரீத் ப்ரோக்கதியிடம் தோற்றார். அதே ஆண்டில், 15ஆம் வயதில், பாரீஸை அடுத்த சாங் குளூவில் நடந்த உலகக் களிமண் தளப் பட்டத்தை வென்றார். பிறகு போர் வந்து நான்கு ஆண்டுகளை விழுங்கியது.

1919இல் விம்பிள்டன் மறுபடி திறந்தபோது எதிரில் நின்றவர் டாரத்தியா லாம்பர்ட் சேம்பர்ஸ். ஏழு முறை பட்டம் வென்றவர், வயது 40. நடப்புச் சாம்பியன் இறுதி ஆட்டத்தை மட்டும் ஆடினால் போதும் என்பது அன்றைய விதி. லெங்லெனுக்கு 20 வயது. அதுவரை புல்தரையில் போட்டி ஆடியதே இல்லை. சேம்பர்ஸ் நீளப் பாவாடையும் நீளக் கையும் அணிந்திருந்தார்; லெங்லென் இறுக்குக் கச்சையையும் உள்பாவாடையையும் துறந்து, கெண்டைக்கால் தெரியும் உடையில் வந்தார். அரசர் ஐந்தாம் ஜார்ஜும் அரசி மேரியும் பார்த்திருக்க, மூன்றாம் செட்டில் சேம்பர்ஸ் 6-5, 40-15 என்று முன்னிலையில் நின்றார். இன்னும் ஒரே புள்ளி, அதற்கு இரண்டு வாய்ப்பு. முதல் வாய்ப்பில் லெங்லெனின் மட்டைச் சட்டத்தில் பட்ட பந்து தட்டுத்தடுமாறி வலையைத் தாண்டி விழுந்தது. தந்தை அரங்கிலிருந்து வீசிய பிராந்தியில் நனைத்த சர்க்கரைக் கட்டிகளும் கை கொடுத்தன என்பார்கள். 10-8, 4-6, 9-7. மொத்தம் 44 கேம்கள். விம்பிள்டன் பெண்கள் இறுதி ஆட்டம் ஒன்று அவ்வளவு நீண்டது அதுவரை இல்லை.

அதற்குப் பிறகு நடந்தவற்றை எண்களில் சொல்லி முடித்துவிடலாம், எண்களே போதுமானவை என்பதால். 1919 முதல் 1923 வரையும் மறுபடி 1925லும் என்று ஆறு விம்பிள்டன் ஒற்றையர் பட்டங்கள். அதே ஆறு ஆண்டுகளிலும் எலிசபெத் ரையனுடன் சேர்ந்து ஆறு இரட்டையர் பட்டங்கள். 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் ஒற்றையரிலும் கலப்பு இரட்டையரிலும் தங்கம். 1925 விம்பிள்டனில் ஐந்து ஒற்றையர் ஆட்டங்களிலும் சேர்த்து அவர் இழந்தவை ஐந்தே கேம்கள். போருக்குப் பிந்திய அமெச்சூர் காலம் முழுவதிலும் அவர் தோற்ற ஒற்றையர் ஆட்டம் ஒன்றே ஒன்று.

இந்த எண்களுக்குப் பக்கத்தில் வேறொரு கணக்கை வைத்துப் பார்க்க வேண்டும். விம்பிள்டன் அதுவரை நடந்துவந்த வொர்ப்பிள் சாலைத் திடல் இவரைப் பார்க்க வந்த கூட்டத்தைத் தாங்கவில்லை. 1922இல் கிளப் சர்ச் சாலையில், சுமார் 14,000 பேர் பார்க்கக்கூடிய புதிய சென்டர் கோர்ட்டுக்கு இடம் பெயர்ந்தது. இடப்பெயர்வுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் லெங்லென் இழுத்த கூட்டம் அதில் முதன்மையான ஒன்று. பாரீஸில் ஆடை வடிவமைப்பாளர் ஜான் பத்து அவருக்கென்று தைத்த மடிப்புப் பாவாடையும் தலையில் கட்டிய வண்ணப் பட்டியும் ஐரோப்பியக் கடைகளில் நாகரிகமாயின. 1924இல் தியாகிலெவின் நடனக் குழு மேடையேற்றிய ‘நீல ரயில்’ என்ற பாலேயில் டென்னிஸ் ஆட்டக்காரி பாத்திரம் அவரைப் பார்த்தே அமைக்கப்பட்டது. செய்தித்தாள்கள் அவரைத் தேவதை என்று அழைத்தன. கிளப் சம்பாதித்தது, தையற்காரர் சம்பாதித்தார், நாடக அரங்கு சம்பாதித்தது, பத்திரிகை சம்பாதித்தது. தேவதை மட்டும் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் கட்டி ஆடினார்.

அவர் தோற்ற அந்த ஓர் ஆட்டத்தின் பின்னணியும் இங்கே பொருந்தும். 1921இல் போரில் சிதைந்த பிரான்சின் மறுசீரமைப்புக்கு நிதி திரட்டக் காட்சி ஆட்டங்கள் ஆடுவதாக ஒப்புக்கொண்டு அமெரிக்கா போனார். கப்பலில் உடம்பு சரியில்லை. அந்த நாளில் அமெரிக்கப் பட்டப்போட்டியில் தரவரிசைப்படி ஆட்களைப் பிரித்து வைக்கும் வழக்கம் இல்லாததால், வந்து இறங்கியதும் முதல் ஆட்டமே நடப்புச் சாம்பியன் மோல்லா மல்லரியுடன். முதல் செட்டை 2-6 என்று இழந்தார். இரண்டாவதின் தொடக்கத்திலேயே இருமலும் அழுகையுமாக ஆட்டத்தைக் கைவிட்டார். அமெரிக்கப் பத்திரிகைகள் பயந்தோடினார் என்று எழுதின. மறு ஆண்டு விம்பிள்டன் இறுதியில் அதே மல்லரியை 6-2, 6-0 என்று அரை மணிக்குள் முடித்தார். அவர் தர்மத்துக்காக ஆடிக் கூட்டம் சேர்க்கலாம், வசூல் செய்யலாம். அது அமெச்சூர் விதிக்கு உட்பட்டது. தனக்காக ஒரு பிராங்க் வாங்கினால் விதி மீறல். ஆட்டத்துக்கு விலை உண்டு என்பதை விதியே ஒப்புக்கொண்டிருந்தது, ஆடியவருக்கு அதில் பங்கில்லை என்பதை மட்டும் வலியுறுத்தியது.

1926 பிப்ரவரி 16 அன்று கான் நகரின் கார்ல்ட்டன் கிளப்பில் நடந்த ஆட்டம் இதை எல்லார் கண்ணுக்கும் காட்டியது. எதிரே கலிஃபோர்னியாவின் ஹெலன் வில்ஸ், வயது 20, அமெரிக்கச் சாம்பியன். லெங்லெனும் வில்ஸும் ஒற்றையரில் மோதிய ஒரே ஆட்டம் அது. அவசரமாகப் பலகைகளை அடித்து இருக்கைகள் கட்டினார்கள். டிக்கெட் கிடைக்காதவர்கள் மரங்களிலும் பக்கத்து வீட்டுக் கூரைகளிலும் ஏறினார்கள். ஸ்வீடன் அரசர் ஐந்தாம் குஸ்தாவ் வந்திருந்தார். அப்போது கானிலேயே குடியிருந்த புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான், ஆஸ்திரேலியரான அவர் மனைவி மோலி ஆகியோரின் பெயர்களும் அன்றைய பார்வையாளர் பட்டியலில் உண்டு. முதல் செட் 6-3. இரண்டாம் செட்டில் லெங்லென் 6-5, 40-15 என்று இருக்கும்போது வில்ஸ் அடித்த பந்தை யாரோ வெளியே என்று கத்த, ஆட்டம் முடிந்தது என்று இருவரும் கை குலுக்கிவிட்டார்கள். கூட்டம் தளத்துக்குள் புகுந்தது. கோட்டு நடுவர் நெரிசலைக் கிழித்துக்கொண்டு வந்து, கத்தியது தான் இல்லை, பந்து உள்ளேதான் விழுந்தது என்றார். பூங்கொத்துகளை ஒதுக்கிவிட்டு மறுபடி ஆட வேண்டும். லெங்லென் அந்த கேமை இழந்தார், ஆட்டத்தை இழக்கவில்லை: 8-6. முடிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து அழுதார்.

நுழைவு டிக்கெட்டும் கள்ளச் சந்தை விலையும் படப்பிடிப்பு உரிமைப் பேரமும் எல்லாம் சேர்ந்து அன்று கானில் எவ்வளவு பணம் கைமாறியது என்று யாரும் துல்லியமாகக் கணக்குப் பார்க்கவில்லை. ஆடிய இருவருக்கும் அதில் எதுவும் இல்லை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

நான்கு மாதம் கழித்து விம்பிள்டன், அதன் பொன்விழா ஆண்டு. ஒரு புதன்கிழமை லெங்லெனுக்கு ஒற்றையரும் அதற்குப் பின் இரட்டையரும் என்று ஆட்ட வரிசையை மாற்றி அமைத்திருந்தார்கள். மாற்றம் தனக்குச் சரியாகத் தெரிவிக்கப்படவில்லை, நேரத்தை மாற்றக் கேட்டும் பதிலில்லை என்பது அவர் தரப்பு. அவர் தாமதமாக வந்து சேர்ந்தபோது அரசி மேரி இருக்கையில் காத்திருந்தார். நிர்வாகிகள் கேள்வி கேட்டதும் உடைமாற்றும் அறைக்குள் போய் அமர்ந்துவிட்டார். பிரெஞ்சு ஆட்டக்காரர் ஜான் பொரோத்ரா கதவுக்கு வெளியே நின்று சமாதானம் பேசியும் அன்று வெளியே வரவில்லை. அரசியை அவமதித்தார் என்று ஆங்கிலப் பத்திரிகைகள் கொதித்தன. ஆண்டுதோறும் அவரைக் கொண்டாடிய அதே கூட்டம் கலப்பு இரட்டையரில் அவரை முணுமுணுப்போடு வரவேற்றது. அவர் போட்டியிலிருந்து விலகினார், பிறகு அங்கே ஒருபோதும் ஆடவில்லை. குற்றம் யாருடையது என்று இன்றும் வாதிடுகிறார்கள். இரு தரப்பிலும் கொஞ்சம் இருந்தது என்றே சொல்வேன். அவர் எளிதில் ஒத்துப்போகும் மனிதர் அல்ல. ஆனால் ஊதியம் இல்லாத ஒருவரை வேலைக்காரரைப் போல நேரத்துக்கு நிற்கச் சொல்லும் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்கத்தானே வேண்டும்?

அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் ரெட் கிரேஞ்சை வைத்து முந்திய ஆண்டு பெரும் பணம் பார்த்திருந்த சி.சி. பைல் என்பவர் இந்த இடைவெளியில் நுழைந்தார். அவருக்கு டென்னிஸ் பற்றி அதிகம் தெரியாது, கூட்டத்தைப் பற்றித் தெரியும். ஆகஸ்டில் ஒப்பந்தம் முடிந்தது. லெங்லென் சேர்ந்த பிறகுதான் மற்றவர்களும் வந்தார்கள்: அமெரிக்காவின் முன்னணி ஆண் ஆட்டக்காரர் வின்சன்ட் ரிச்சர்ட்ஸ், ஹாவர்ட் கின்சி, ஹார்வி ஸ்னாட்கிராஸ், பிரான்சின் போல் ஃபெரே. லெங்லெனுக்கு எதிராளியாக மேரி கே. பிரவுன், 1912 முதல் 1914 வரை அமெரிக்கச் சாம்பியன், இப்போது வயது 35. அந்த ஆண்டு விம்பிள்டனின் முதல் சுற்றில் லெங்லென் தோற்கடித்த அதே பிரவுன்.

சுற்றுப்பயணம் 1926 அக்டோபர் 9 அன்று நியூயார்க்கின் மாடிசன் சதுக்க அரங்கில் தொடங்கியது. 13,000 பேர் வந்திருந்தார்கள். லெங்லென் 6-1, 6-1 என்று வென்றார். பிறகு நான்கு மாதம், நம்மூர் நாடகக் கம்பெனிகள் கொட்டகை போட்டு ஊர் ஊராய்ப் போனதுபோல, ரயிலேறி வட அமெரிக்காவின் நகரம் நகரமாகப் போனார்கள். இரவில் ஆட்டம், மறுநாள் அடுத்த ஊர். லெங்லெனும் பிரவுனும் 38 முறை மோதினார்கள். 38 முறையும் லெங்லெனே வென்றார். 1927 பிப்ரவரியில் பயணம் முடிந்தது. பைலுக்கு லாபம்தான், ஆனால் ஒப்பந்தம் நீளவில்லை. அந்தக் கோடையில் பிரிட்டனில் சி.பி. காக்ரன் என்ற நாடகத் தயாரிப்பாளர் ஏற்பாட்டில் சில ஆட்டங்கள். எதிராளிகள் ஈவ்லின் டியூஹர்ஸ்ட், ஜெர்மனியின் டோரா கோரிங். அதோடு முற்றுப்புள்ளி.

ஏன் தொழில்முறைக்குப் போனீர்கள் என்ற கேள்விக்கு அவர் சுற்றுப்பயண நாட்களிலேயே பதில் சொன்னார். தன்னால் பிறர் லட்சக்கணக்கில் சம்பாதித்தார்கள், தான் நுழைவுக் கட்டணமாகவே ஆயிரக்கணக்கில் கட்டியிருக்கிறேன், வயது 27 ஆகியும் கையில் ஒன்றுமில்லை, இந்த விதியில் பணக்காரர் மட்டுமே ஆட முடியும் என்பது அதன் சாரம். அந்தப் பதிலை 1970இல் யாரேனும் எழுதியிருந்தால் அப்படியே பொருந்தியிருக்கும். கோபத்தில் போய் விழுந்தார் என்ற தீர்ப்பு இந்த இடத்தில் நிற்காது. கோபம் காலத்தை முடிவு செய்திருக்கலாம், காரணம் வேறு. விம்பிள்டன் கிளப் அவருடைய கௌரவ உறுப்பினர் தகுதியை நீக்கியது. பிரெஞ்சுச் சங்கமும் கதவைச் சாத்தியது. பின்னாளில் அவர் மறுபடி அமெச்சூராகத் திரும்ப முயன்றபோதும் திறக்கவில்லை.

சாதனை என்று பார்த்தால் அந்தப் பயணத்தில் ஒன்று பெரிதாகப் பேசப்படுவதில்லை. டென்னிஸின் முதல் பெரிய தொழில்முறைச் சுற்றுப்பயணம் அதுவே, ஆண்களையும் சேர்த்துச் சொல்கிறேன். அதில் சுவரொட்டியின் உச்சியில் இருந்த பெயர் ஒரு பெண்ணின் பெயர். ஆண்கள் அவர் பின்னால் வந்தவர்கள். அந்த அனுபவத்திலிருந்தே ரிச்சர்ட்ஸ் 1927இல் ஆண்களுக்கான தொழில்முறைச் சங்கத்தையும் பட்டப்போட்டியையும் தொடங்கினார். 1930இன் இறுதியில் பில் டில்டன் தொழில்முறைக்கு வந்தார். பத்திரிகையில் ஆட்டம் பற்றி எழுதியதற்காக 1928இலேயே அமெச்சூர் சங்கம் அவரை இடைநீக்கம் செய்திருந்தது. அந்த விதி எவ்வளவு சில்லறைத்தனமானது என்பதற்கு இது போதும். டில்டனுக்குப் பின் வைன்ஸ், பட்ஜ், கிரேமர், கோன்சாலஸ் என்று ஆண்களின் தொழில்முறை டென்னிஸ் 40 ஆண்டுகள் வசதியாகவும் வசதியில்லாமலும் ஓடியது. வழி திறந்தவர் பெண், அதில் நடந்தவர்கள் ஆண்கள்.

பெண்கள் ஏன் நடக்கவில்லை? பெண்களின் ஆட்டத்துக்கு மவுசில்லை என்ற வழக்கமான பதில் 13,000 பேருக்கு முன்னால் எடுபடாது. விடை 38-க்கு 0 என்ற கணக்கில் இருக்கிறது. முதல் இரவில் மக்கள் லெங்லெனைப் பார்க்க வந்தார்கள். பார்த்துவிட்டார்கள். மறு ஆண்டு அதே ஊருக்கு அதே இருவர் வந்தால் முடிவு முன்பே தெரியும். பிரவுன் நல்ல ஆட்டக்காரர், மனம் தளராதவர். ஆனால் தோற்பதற்கென்று சம்பளம் பெறுகிற வேலையாகவே அவருடையது ஆகிவிட்டது. ஆண்கள் பக்கத்தில் டில்டனை வைன்ஸ் வீழ்த்தினார், வைன்ஸை பட்ஜ் வீழ்த்தினார். ஒவ்வொரு புதுச் சாம்பியனும் அமெச்சூரிலிருந்து வர வர எதிராளி புதிதாகக் கிடைத்தார். லெங்லெனுக்கு அப்படி ஒருவர் தேவை, அந்த ஒருவரின் பெயர் எல்லோருக்கும் தெரியும். வில்ஸ் மட்டும் பைலின் மறுபக்கத்தில் கையெழுத்திட்டிருந்தால் பெண்கள் டென்னிஸின் வரலாறு வேறாக இருந்திருக்கும் என்று துணிந்து சொல்லலாம். மருத்துவரின் மகளான வில்ஸுக்கு அந்த அவசியம் இல்லை. அவர் அமெச்சூராகவே நின்று எட்டு விம்பிள்டன் உட்பட 19 பெரும் பட்டங்களை வென்றார். அதற்காக அவரைக் குறை சொல்ல இடமில்லை. தொழில்முறைக்குப் போனால் இழப்பது எல்லாப் பெரிய போட்டிகளையும். கிடைப்பது ஒரு பருவத்துச் சுற்றுப்பயணம்.

இந்தப் பொறியில் பின்வந்தவர்களும் ஒவ்வொருவராக விழுந்தார்கள். 1941 ஜனவரியில் ஆலிஸ் மார்பில் தொழில்முறைக்கு வந்தார். எதிராளி இங்கிலாந்தின் மேரி ஹார்ட்விக், ஒரே எதிராளி. 1946 விம்பிள்டன் சாம்பியன் பாலீன் பெட்ஸ், தொழில்முறைக்குப் போவது பற்றி விசாரித்தார் என்ற குற்றத்துக்காகவே 1947இல் அமெரிக்கச் சங்கத்தால் நிறுத்தி வைக்கப்பட்டார். வாங்கிய காசுக்கு அல்ல, வாங்க நினைத்ததற்கு. பின்னர் கஸ்ஸி மோரனுடன் அவர் போன சுற்றுப்பயணத்தில் ஆட்டத்தைவிட மோரனின் உடை பற்றிய பேச்சே அதிகம். அல்த்தியா கிப்ஸனின் கதை இவற்றில் மிகவும் வருத்தமானது. 1957லும் 1958லும் விம்பிள்டனையும் அமெரிக்கப் பட்டத்தையும் அடுத்தடுத்து வென்ற முதல் கறுப்பினச் சாம்பியன், வீட்டு வாடகைக்கு வழியின்றி அமெச்சூர் ஆட்டத்தை விட்டார். ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் கூடைப்பந்து அணியின் ஆட்டத்துக்கு முன்னோட்டமாகக் கரோல் ஃபேகரோஸுடன் ஊர் ஊராக ஆடினார். பணம் வந்தது, 1,00,000 டாலருக்குச் சற்றுக் குறைவாக. ஆனால் வெற்றி தோல்விக் கணக்கு மறுபடி லெங்லென், பிரவுன் கணக்கேதான். அந்தப் பயணம் முடிந்ததும் அவருக்குப் போக வேறு போட்டி இல்லை.

1968இல் அமெச்சூர் சுவர் இடிந்து, விம்பிள்டன் எல்லோருக்கும் திறந்தது. ஆண் சாம்பியனுக்கு 2,000 பவுன், பெண் சாம்பியனுக்கு 750. லெங்லெனின் வழக்கு 42 ஆண்டு கழித்துப் பாதி வென்றது என்று வைத்துக்கொள்ளலாம். மறுபாதிக்கு வேறு உத்தி தேவைப்பட்டது. 1970இல் லாஸ் ஏஞ்சலஸின் பசிபிக் சவுத்வெஸ்ட் போட்டியில் ஆணுக்கு 12,500 டாலர், பெண்ணுக்கு 1,500 டாலர் என்று அறிவித்தபோது, ‘வேர்ல்ட் டென்னிஸ்’ இதழின் கிளாடிஸ் ஹெல்ட்மன் ஹூஸ்டனில் தனிப் போட்டி ஏற்பாடு செய்தார். கிங், ரோஸி கசால்ஸ், நான்சி ரிச்சி, ஜூலி ஹெல்ட்மன், பீச்சஸ் பார்ட்கோவிச், வாலரி சீகன்ஃபஸ், கிறிஸ்டி பிஜன், ஆஸ்திரேலியாவின் ஜூடி டால்ட்டன், கெர்ரி மெல்வில். மொத்தம் 7,500 டாலர் பரிசு, சிகரெட் நிறுவனத்தின் ஆதரவு. பெண்களின் உடல்வலிமைக்கு விழா எடுக்கச் சிகரெட் பணம்தான் கிடைத்தது என்பதில் உள்ள கசப்பான நகைச்சுவையை அவர்களும் அறிந்தேயிருந்தார்கள். அமெரிக்கச் சங்கம் இடைநீக்கம் செய்வேன் என்று மிரட்டியது, செய்தும் காட்டியது.

அந்தப் போட்டியை வென்றவர் கிங் அல்ல, கசால்ஸ். இது தற்செயல் என்றாலும் அந்தத் தற்செயலில்தான் எல்லாமே இருந்தது. யார் வெல்வார் என்று தெரியாத ஒரு போட்டி பெண்கள் தொழில்முறை டென்னிஸுக்கு முதன்முறையாக அமைந்தது. கிங்கின் மேதைமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் 1973இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் 30,472 பேர் முன்னால் பாபி ரிக்ஸ் என்ற ஆண் ஆட்டக்காரரை 6-4, 6-3, 6-3 என்று வென்றதையே முதலில் சொல்கிறார்கள். என் கணக்கில் அது பைல் பாணிக் காட்சிதான், பலன் தந்த காட்சி என்றாலும். அதே ஆண்டு ஜூனில் லண்டன் ஓட்டல் ஒன்றின் அறையில் எல்லா முன்னணிப் பெண் ஆட்டக்காரர்களையும் உட்காரவைத்து மகளிர் டென்னிஸ் சங்கத்தை அமைத்ததுதான் லெங்லெனுக்குக் கிட்டாத காரியம். சில மாதங்களில் அமெரிக்க ஓப்பன் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பரிசு என்றது, ஆளுக்கு 25,000 டாலர். 1971இலேயே கிங் ஓராண்டில் 1,00,000 டாலருக்கு மேல் சம்பாதித்த முதல் பெண் விளையாட்டு வீரராகியிருந்தார். விம்பிள்டன் சமப் பரிசுக்கு 2007 வரை எடுத்துக்கொண்டது.

இப்படிச் சொல்வது லெங்லெனைக் குறைப்பதாகாது. தனக்கு நிகரானவர் இல்லை என்பது அவர் செய்த தவறல்ல. சங்கம் அமைக்க ஆள் சேர்க்கலாம் என்ற எண்ணம் 1926இல் ஆண்களுக்கே இருக்கவில்லை. ஆனால் அவரைக் கிங்கின் நேரடி முன்னோடியாக வரைகிறவர்கள், இடையில் இருக்கும் இந்தப் பள்ளத்தை நிரவிவிடுகிறார்கள். கிங்கின் தலைமுறை லெங்லெனிடமிருந்து கற்றது ஒரு முன்மாதிரியை அல்ல. தனியாகப் போனால் என்ன ஆகும் என்பதற்கான சான்றை.

தொழில்முறைக்குப் பிந்திய ஆண்டுகளை லெங்லென் பாரீஸில் கற்பித்துக் கழித்தார். அவர் தொடங்கிய டென்னிஸ் பள்ளியை, அவரை விலக்கிவைத்த பிரெஞ்சுச் சங்கமே 1936இல் தன் பயிற்சி மையமாக ஏற்றுக்கொண்டது. கட்டணம் வாங்கிக் கற்பிக்கும் அந்த வேலையில், 1910இல் தன் தந்தை இரைந்து சொல்லிக்கொடுத்ததை அவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார் என்று அவரிடம் பயின்றவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். 1938 ஜூலை 4 அன்று ரத்தச் சோகை நோயால் இறந்தார், 39 வயது. ரோலான் காரோஸ் திடலின் இரண்டாவது பெரிய அரங்குக்கும் பெண்கள் ஒற்றையர் கோப்பைக்கும் இன்று அவர் பெயர்.

அமெரிக்காவின் ரோட் தீவில் உள்ள பன்னாட்டு டென்னிஸ் புகழ் மன்றம் 1978இல் அவரைச் சேர்த்துக்கொண்டது. ஹூஸ்டனின் ஒன்பது பேரையும் 2021இல் ஒரே குழுவாகச் சேர்த்தது. ஒரு குழு அப்படிச் சேர்க்கப்பட்டது அதுவே முதல் முறை. லெங்லெனின் சாதனைப் பட்டியல்கள் வழக்கமாக 1926 கோடையோடு நின்றுவிடுகின்றன. தொழில்முறை ஆட்டங்கள் பட்டக் கணக்கில் வருவதில்லை என்பதால் பிரவுனுடனும் பின்னர் பிரிட்டனிலும் ஆடியவை அவற்றில் சேர்வதில்லை. ஆனால் அவர் ஆட்டத்துக்குக் கூலி வாங்கிக்கொண்டு ஆடியவை அவை மட்டும்தான்.